வாங்கிய கையோடு விற்கப்படும் வீடு

சித்திரையில் கிரயமான வீடு, தை பிறந்ததும் மறுபடி விலைக்கு வந்துவிட்டது. "முடிக்கலாமா?" என்று நம் அங்கத்தினர் ஒருவர் கேட்டார்.

முத்திரைச் செலவும் பதிவுச் செலவும் செய்து வாங்கியவர், அதை இழந்து விற்கிறார். 24 மாதத்துக்குள் விற்றால், வரும் லாபம் குறுகிய கால மூலதன ஆதாயம்; அவர் வருமானத்தோடு சேர்த்து வரி கட்ட வேண்டும். மகள் கல்யாணம், வியாபார முடை என்றால் நியாயம். விலை பேச நமக்கும் அனுகூலம்.

மறைக்கிற காரணம்தான் ஆபத்து. அவர் ஐப்பசி, கார்த்திகை மழையை அந்த வீட்டில் பார்த்துவிட்டார், நாம் பார்க்கவில்லை. சுவர் அடியில் மட்டும் புது வெள்ளையா, தண்ணீர் கரிக்கிறதா என்று பாருங்கள். மழையில் எதுவரை தண்ணீர் நின்றது என்பதை எதிர்வீட்டாரிடம் கேளுங்கள், தரகரிடம் அல்ல.

வில்லங்கச் சான்று மட்டும் போதாது. அசல் பத்திரத்தை ஈடாகக் கொடுத்து வாங்கிய கடன் பதிவாகாமல் இருந்தால் அதில் தெரியாது. ஆகவே நகலை நம்பலாகாது.

நம் ஊருக்கே உரிய சங்கதி ஒன்று. 1954 நவம்பர் 1-இல்தான் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. பழைய வீடுகளுக்கு நொத்தேர் எழுதிய பிரெஞ்சுப் பத்திரமே மூலம். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டி, வாரிசுகள் அனைவரும் பின்னர் கையெழுத்திட்டார்களா என்று பார்க்க வேண்டும். பிரான்சிலுள்ள பங்காளி என்றாவது வந்து நிற்பார்.

அசலைப் பார்க்காமல் முன்பணம் வேண்டாம் என்றேன். அது வங்கியில் இருப்பதாக விற்பவர் சொன்னார். பாக்கி எவ்வளவென்று வங்கிக் கடிதம் கேட்டோம். பதினைந்து நாளாகியும் வரவில்லை.