நேரம் தவறும் பள்ளி மணி: நுண்கட்டுப்படுத்திக்கு ஏற்ற கடிகாரத் துடிப்பைத் தேர்ந்தெடுத்தல்

(மேல்நிலை வகுப்புகள்: இயற்பியல், கணினி அறிவியல், தொழிற்கல்வி)

கற்றல் நோக்கம்: துடிப்பு மூலங்களின் துல்லியத்தைக் கணக்கிட்டு, செயல்திட்டத்தின் தேவைக்கேற்ற மூலத்தையும் வேகத்தையும் மாணவர் தேர்ந்தெடுத்தல்.

அடல் டிங்கரிங் ஆய்வகங்களிலும் அறிவியல் கண்காட்சிகளிலும் மாணவர் விரும்பிச் செய்வது தானியங்கிப் பள்ளி மணி. கண்காட்சி நாளன்று அது சரியாக ஒலிக்கும். சுவரில் மாட்டி ஒரு வாரம் ஓடவிட்டால் நேரம் தவறும். வேலப்பன்சாவடி போலப் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் மாலை மணி பத்து நிமிடம் பிந்தினால் பேருந்தைத் தவறவிடும் பிள்ளைகள் உண்டு. மாணவரோ நிரலைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்துச் சலித்துப் போவார்கள். பல நேரங்களில் பிழை நிரலில் இல்லை. துடிப்பு மூலத்தில் இருக்கிறது.

பிழையைக் கணக்கிடுவோம்

ஒரு நாளில் 86,400 விநாடிகள். இதைப் பிழை விகிதத்தால் பெருக்கினால் ஒரு நாளில் ஏற்படக்கூடிய அதிகபட்ச வேறுபாடு கிடைக்கும்.

• சில்லின் உள் அலையியற்றி: ஏடிமெகா 328பி சில்லில் 8 மெகா ஹெர்ட்ஸ், தொழிற்சாலை அளவீட்டில் பிழை 10 விழுக்காடு வரை. நாளுக்கு 2 மணி 24 நிமிடம்.
• பீங்கான் ஒத்ததிர்வி: ஆர்டுயினோ யூனோ பலகையில் இச்சில்லை இயக்குவது 16 மெகா ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வியே. பிழை 0.5 விழுக்காடு எனில் நாளுக்கு 432 விநாடி, அதாவது 7 நிமிடம் 12 விநாடி. ஆறு வேலைநாளில் 43 நிமிடம். ஏறத்தாழ ஒரு பாடவேளை!
• குவார்ட்ஸ் படிகம்: பத்து லட்சத்தில் 20 பங்கு எனில் நாளுக்கு 1.7 விநாடி.
• டிஎஸ் 3231 நிகழ்நேரக் கடிகாரச் சில்லு: 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை பத்து லட்சத்தில் 2 பங்கு. ஆண்டு முழுவதற்கும் ஏறத்தாழ ஒரு நிமிடம்.

இவை உச்ச வரம்புகள். கையிலுள்ள பலகை இதைவிட நன்றாக ஓடலாம். ஆனால் அதை அளந்து பார்க்காமல் நம்ப முடியாது.

வெயிலும் படிகமும்

கைக்கடிகாரப் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும். இது 2இன் 15ஆம் அடுக்கு. 15 முறை இரண்டால் வகுத்தால் விநாடிக்கு ஒரு துடிப்பு. இப்படிகம் 25 டிகிரி அருகே மிகச் சரியாக ஓடும். வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் மெதுவாகும். பிந்தும் அளவு, வெப்பநிலை வேறுபாட்டின் வர்க்கத்தை 0.034ஆல் பெருக்கினால் வரும். சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் 45 டிகிரி என்றால்: 20 × 20 × 0.034 = 13.6. பத்து லட்சத்தில் 13.6 பங்கு, நாளுக்கு 1.2 விநாடி பிந்தும். டிஎஸ் 3231 தன் வெப்பநிலையைத் தானே அளந்து இதை ஈடுசெய்கிறது. பள்ளி மணிக்கு அதுவே பொருத்தம்.

வேகம் எவ்வளவு?

வேகம் கூடினால் மின்செலவும் கூடும். தேவையான மின்னழுத்தமும் உயரும். ஏடிமெகா 328பி சில்லுக்கு 20 மெகா ஹெர்ட்ஸ் வேண்டுமானால் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். 10 மெகா ஹெர்ட்ஸுக்கு 2.7 வோல்ட் போதும். ஆகவே 3.3 வோல்ட்டில் இயங்கும் மின்கலத் திட்டங்களுக்கு 8 மெகா ஹெர்ட்ஸ் பாதுகாப்பானது.

தொடர்வரிசைத் தகவல் தொடர்பில் இரு முனைகளின் வேக வேறுபாடு 2 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. 16 மெகா ஹெர்ட்ஸை 16 × 104ஆல் வகுத்தால் 9,615. விரும்பிய 9,600க்கு 0.2 விழுக்காடே வேறுபாடு. ஆனால் 1,15,200 வேகத்தில் வேறுபாடு 2.1 விழுக்காடு. இதற்காகவே 14.7456 மெகா ஹெர்ட்ஸ் படிகம் விற்கிறது: 1,15,200 × 128 = 1,47,45,600; மீதியே இல்லை.

பொருத்தும்போது

ரிச்சி தெருவில் படிகம் வாங்கும்போது அதன் சுமை மின்தேக்குத்திறனைக் கேட்டுக்கொள்ளுங்கள். 16 மெகா ஹெர்ட்ஸ் படிகத்துக்கு 12 முதல் 22 பிக்கோ ஃபாரட் வரையிலான இரு மின்தேக்கிகள் வேண்டும். படிகத்தைச் சில்லின் முனைகளுக்கு மிக அருகில் பொருத்துக. நீண்ட கம்பிகள் வேண்டாம்.

வகுப்பறைச் செயல்பாடு

1. குழுவுக்கு ஒரு பலகை. விநாடிகளை எண்ணித் திரையில் காட்டும் நிரலை ஏற்றுக. 'டிலே' கட்டளைகளை அடுக்காமல் 'மில்லிஸ்' கொண்டு எண்ணச் செய்க. இல்லையேல் நிரல் எடுக்கும் நேரமும் பிழையில் சேரும்.
2. வலையமைப்பு நேரம் காட்டும் கைப்பேசியோடு ஒப்பிட்டுத் தொடங்கி, 24 மணி நேரம் கழித்து வேறுபாட்டைக் குறிக்க. 86.4 விநாடி எனில் 0.1 விழுக்காடு.
3. வெப்பநிலையையும் குறித்து, குழுக்களின் முடிவுகளைக் கரும்பலகையில் அட்டவணையாக்குக.

நம்பத்தக்க ஒரு மூலத்தோடு ஒப்பிடுவது சென்னைக்குப் பழைய வழக்கம். 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த மதராஸ் வானாய்வகம் விண்மீன்களை நோக்கிக் கணித்த நேரத்தையே ரயில்கள் பின்பற்றின. இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது 1906 ஜனவரி 1இல்தான்.

மதிப்பீடு

1. பத்து லட்சத்தில் 50 பங்கு பிழையுள்ள படிகம் 30 நாளில் எவ்வளவு தவறும்? (129.6 விநாடி)
2. விளக்கை மட்டும் மினுக்கும் பொம்மைக்கு எந்த மூலம் போதும்? ஏன்?
3. 3.3 வோல்ட்டில் 16 மெகா ஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் பலகை அவ்வப்போது நின்றுபோகிறது. முதலில் எதை ஐயுறுவீர்கள்?