ஜி.எச்.சுக்குப் போனால் ஒரு நாள் போச்சு!

கேள்வி: அம்மாவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. தெருமுனை கிளினிக்கில்தான் காட்டுகிறோம். ஃபீஸ், மாத்திரை என்று மாசா மாசம் கையைக் கடிக்கிறது. நான் வீட்டு வேலைக்குப் போகிறவள், ஜி.எச்.சுக்குக் கூட்டிப்போக லீவு போட்டால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அம்மாவோ, “ஓசி மாத்திரை கேட்குமா?” என்கிறார். என்ன செய்யட்டும் டாக்டர்?
– வாசகி, அஸ்தினாபுரம்

பதில்: உங்கள் கணக்கு சரிதான் அம்மா. ஓ.பி. சீட்டுக்குக் காசில்லை, வரிசையில் நிற்பதற்கு உண்டு. பென்ஷன் வாங்குகிறவருக்கு அது வெறும் காத்திருப்பு; உங்களுக்கு ஒரு நாள் கூலி. ஜனங்கள் அரசு மருத்துவத்துக்கு வராவிட்டால் ‘விழிப்புணர்வு போதாது’ என்று மேடையில் பேசிவிட்டுப் போவது சுலபம். நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை.

ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் பொருளாதார நிபுணர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் ஆராய்ந்தபோது, கிராமத்து அரசு சுகாதாரத் துணை மையங்கள் வேலை நேரத்திலேயே பாதிக்கு மேல் பூட்டிக்கிடந்தன. பூட்டைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி எதற்கு வருவார்? பிறகு சேவா மந்திர் அமைப்போடு சேர்ந்து, சொன்ன தேதியில் தவறாமல் தடுப்பூசி முகாம் நடத்தினார்கள். முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் முகாம் இல்லாத ஊர்களில் 6 சதவீதம், முகாம் நடந்த ஊர்களில் 18. வருகிறவர்களுக்கு ஒரு கிலோ பருப்பும் கொடுத்த ஊர்களில் 39. தாய்மார்கள் தடுப்பூசியை வெறுக்கவில்லை; அலைச்சலுக்கு ஈடாகக் கையில் ஏதாவது வந்ததும் வந்தார்கள்.

நம் ஊர்ச் சிக்கல் பூட்டு அல்ல, நேரம். சாயங்காலம் ஏழு மணிக்கு நம் தெருக்களில் கிளினிக்குகள் நிரம்பி வழிவது அங்கே வைத்தியம் உசத்தி என்பதால் அல்ல. வேலை முடிந்து வருகிறவர்களுக்கு அப்போது திறந்திருப்பதாகத் தெரிவது அவைதான். அதனால், சாதாரண சுகருக்கும் பிரஷருக்கும் ஜி.எஸ்.டி. ரோடு தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். 2023 ஜூனில் மாநிலம் முழுக்க 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தார்கள். நேரம் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. உங்கள் வார்டுக்கு எது என்று 104க்கு அடித்துக் கேளுங்கள், அல்லது தெருவுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் விசாரியுங்கள். டாக்டரைப் பார்க்க மாலையில் போகலாம். வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை மட்டும் காலையில்தான். எத்தனை மணி வரை ரத்தம் எடுப்பார்கள் என்று முதல் நாளே கேட்டுவைத்துக்கொண்டால் எட்டு மணிக்குப் போய்விட்டு வேலைக்குக் கிளம்பிவிடலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பட்டியலில் அம்மாவின் பெயரைச் சேர்க்கச் சொல்லியும் கேளுங்கள். நடக்க முடியாத முதியவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வரும்.

இனி, ‘ஓசி மாத்திரை’. அரசு மருந்துகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995லிருந்து மொத்தமாக வாங்கி, சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்த பிறகே ஆஸ்பத்திரிகளுக்குத் தருகிறது. கம்பெனி மாறினால் நிறமும் வடிவமும் மாறும். போன மாசம் வெள்ளை, இந்த மாசம் மஞ்சள் என்று அம்மா பயந்தால், அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: மெட்ஃபார்மின் 500 என்றோ அம்லோடிபின் 5 என்றோ இருக்கும். கிளினிக்கில் எழுதிக்கொடுத்த அட்டையிலும், பெரிய எழுத்துக் கம்பெனிப் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் பெரும்பாலும் அதே பெயர்தான் இருக்கும்.

நான் அதிகம் கவலைப்படுவது இங்கேதான். இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து, அரசு மாத்திரையையும் கிளினிக் மாத்திரையையும் சேர்த்தே விழுங்குகிறவர்கள் உண்டு. சிலவகை சுகர் மாத்திரைகள், முக்கியமாக கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை, இரட்டிப்பானால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கி, வியர்த்துக்கொட்டி, மயக்கமே வரலாம். எனவே முதல் தடவை போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளையும், காலியானதையும்கூட, ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று அவர் சொல்லட்டும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது, வாய் குழறுவது, மூச்சுத் திணறல் என்றால் நலவாழ்வு மையமும் வேண்டாம், கிளினிக்கும் வேண்டாம். நேராக 108.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அம்மா நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் தேவை. செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸ் மையத்தில் பதிய வேண்டும். அதற்கு ஒரு நாள் லீவு போடத்தான் வேண்டியிருக்கும். போகுமுன் 1800 425 3993 எண்ணில், யார் யார் நேரில் வர வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.