ஐ.டி.ஐ. சேரும் முன் பட்டறையைப் பாருங்கள்

பண்பொழியில் சாரல் விழத் தொடங்கும் ஜூன் மாதத்தில்தான், பள்ளி முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பேச்சும் சூடுபிடிக்கும். "தம்பிக்கு எந்தக் காலேஜ்?" என்று விசாரிப்பவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர். "என்ன வேலை கத்துக்கப் போறான்?" என்று கேட்பவர் அபூர்வம்.

இத்தனைக்கும் அந்த இரண்டாவது கேள்வியை வைத்தே ஒரு பள்ளி நடத்தும் நிறுவனம் தென்காசிக்குப் பக்கத்தில், மத்தளம்பாறையில் இருக்கிறது. மென்பொருள் நிறுவனமான அந்தச் சோஹோவின் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யிலும் பிரின்ஸ்டனிலும் படித்தவர். ஆனால் கல்லூரி மதிப்பெண்ணுக்கும் வேலைத் திறமைக்கும் பெரிய சம்பந்தமில்லை என்பதைத் தன் நிறுவனத்தில் கண்டார். 2005-இல் ஆறு மாணவர்களுடன் தொடங்கிய அந்தப் பயிற்சிதான் இன்றைய சோஹோ ஸ்கூல்ஸ். ப்ளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்கள் தேர்வு எழுதிச் சேரலாம். கட்டணம் கிடையாது, பயிற்சிக் காலத்தில் மாதம் ரூ.10,000 உதவித்தொகையும் உண்டு. ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ள வேண்டும்: கையில் கிடைப்பது வேலை, பல்கலைக்கழகப் பட்டமல்ல. பட்டம் கேட்கும் அரசுத் தேர்வுகளுக்கு அது உதவாது.

எல்லோருக்கும் கம்ப்யூட்டர் பிடிக்க வேண்டுமென்பதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றை நம்பி இந்த வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் படித்தவர்களுக்கு அங்கே பராமரிப்பு வேலை இருக்கிறது. கோபுரத்தின் உள்ளே ஏணியில் ஏறிப்போய்ச் செய்யும் வேலை அது. உயரம் என்றால் தலைசுற்றுபவர்கள் இதை முன்கூட்டியே யோசிப்பது நல்லது.

எங்கள் தோப்பு மோட்டார் எரிந்தபோது, காயில் கட்டும் பட்டறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பழைய காயிலை வெட்டும் முன் பட்டறைக்காரர் எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்று நோட்டில் குறித்துக்கொண்டார். ஸ்லாட்டுக்குள் இன்சுலேஷன் தாளைச் செருகி, புதுக் கம்பியை இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்தார். கூட இருந்த பையன் ஐ.டி.ஐ. முடித்தவன். மீட்டர் வைத்துச் சோதிப்பது அவனுக்கு அத்துப்படி. எனாமல் உரியாமல் கம்பியை இறக்கும் கைப்பக்குவத்தை மட்டும் பட்டறைக்கார அண்ணாச்சியின் பக்கத்தில் நின்று பழகிக்கொண்டிருந்தான்.

படிப்பும் பட்டறையும் சேர்ந்தால்தான் தொழில் கைக்கு வரும் என்பதால், ஐ.டி.ஐ. முடித்ததும் கிடைக்கிற முதல் சம்பளத்துக்கு ஓடாமல் அப்ரண்டிஸ் பயிற்சி கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி அதற்கும் உதவித்தொகை உண்டு. முடிவில் தேசியச் சான்றிதழும் கிடைக்கும்.

செலவு பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் ரூ.750 உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவந்த தகுதியுள்ள பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1,000 தனியாக வரும்.

"ஐ.டி.ஐ. போனால் படிப்பு அதோடு போச்சு" என்ற பேச்சும் சரியல்ல. வெல்டர் படிப்பு ஓராண்டு. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் இரண்டாண்டு. இரண்டாண்டுப் படிப்பை முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ வாங்கிய பிறகு பி.இ.யிலும் அப்படியே. பிற்பாடு மனம் மாறக்கூடும் என்று தோன்றினால் இரண்டாண்டுப் பிரிவையே எடுப்பது புத்திசாலித்தனம்.

தனியார் ஐ.டி.ஐ. என்றால் மத்திய அரசின் அங்கீகாரம் அந்த நிறுவனத்துக்கு மட்டுமல்ல, நீங்கள் சேரும் பிரிவுக்கும் உண்டா என்று கேளுங்கள். கண்ணாடி போட்ட அலுவலகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், வேலை நாளில் பட்டறைக்குள் போங்கள். ஒரு லேத்தைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள், அதில் எத்தனை பேர் கையில் எண்ணெய் பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.