பூட்டுக்கு மேலே 15 மில்லிமீட்டர்

புது சைக்கிள் வாங்கிய முதல் ஞாயிறே இதை எழுதுபவர் ஈப்போவிலிருந்து கெல்லீஸ் காசல் வரை மிதித்துவிட்டார். போக வர சுமார் 40 கிலோமீட்டர். திரும்பி வந்து புந்தோங்கில் பசியாற உட்கார்ந்தால் தேநீர்க் குவளை கையில் நிற்கவில்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயிருந்தன. முழங்காலின் முன்பக்கம் வேறு விண்விண்ணென்று தெறித்தது.

சைக்கிளில் குறையில்லை. இவர் பழகியது தோட்டத்துச் சைக்கிள். அப்பா பால்மரம் வெட்டப் போன அந்தக் கறுப்பு வண்டியில் முதுகு நிமிர்ந்திருக்கும், அகன்ற சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் இருக்கும். புது வண்டி ஆளை முன்னால் சாய்க்கிறது. பாரம் உள்ளங்கையில் இறங்கி, அந்த இரு விரல்களுக்கும் போகும் நரம்பை அழுத்துகிறது.

அடுத்த தவறு, ஒரே மாலையில் எல்லாத் திருகையும் திருப்பியது. சீட்டை ஏற்றினார், முன்னே தள்ளினார். முன்பக்க வலி போய் முழங்காலுக்குப் பின்னால் இழுத்தது. எது எதனால் வந்தது என்று சொல்ல வழியில்லை.

பிறகு நிதானத்துக்கு வந்தார். சீட் கம்பியில் விழுந்திருந்த கீறலை வைத்துப் பழைய உயரத்துக்கே இறக்கி, கம்பியை இறுக்கும் பூட்டை ஒட்டி ஒரு துண்டு டேப் ஒட்டினார்.

சீட்டின் உயரம் சரியென்றால், பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை மடங்கினால் சரி. கணக்குப் பிரியர்களுக்கு, டூர் டி பிரான்சை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பரப்பிய சூத்திரம் இருக்கிறது: கவட்டிலிருந்து தரை வரையுள்ள நீளத்தை 0.883-ஆல் பெருக்க வேண்டும். 78 சென்டிமீட்டர் கால் என்றால், பெடல் சுழலும் நடு அச்சிலிருந்து சீட்டின் உச்சி வரை சுமார் 68.9. இது தொடக்கம்தான். மீதியை உடம்பு சொல்லும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் இழுத்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினாலோ உயரம் அதிகம்.

ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டர், ஒரே ஒரு மாற்றம், பிறகு அதே பாதையில் மூன்று ஓட்டம். கெல்லீஸ் காசலைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித் துரையின் ரப்பர்த் தோட்டம் இருந்த பக்கம் அந்தப் பாதை. அங்குள்ள மாரியம்மன் கோயில் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே அந்தத் துரையும் சிலையாக நிற்கிறார். அந்த இடத்தில் இறங்கி விரல்களை மடக்கிப் பார்ப்பது இவருக்கு வழக்கமாயிற்று. சீட் மூன்று தடவை ஏறியதும் முழங்கால் அடங்கியது, விரல்கள் அடங்கவில்லை. ஹேண்டிலைக் கடைக்காரர் ஒரு வளையம் உயர்த்திக் கொடுத்த பிறகே அதுவும் தீர்ந்தது.

சீட்டை ஏற்றுகிறவர்கள் கம்பியில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக்கூடாது, கம்பி முறியலாம். அளவு சரியான பிறகும் மரப்பு நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். இவருடைய டேப் இன்னும் கம்பியில் இருக்கிறது, பூட்டுக்கு மேலே சரியாக 15 மில்லிமீட்டரில்.