செவியே அளவுகோல்

நுழையும்முன்

எரிபொருள் ஊர்திகள் உறுமிச் சென்ற சாலைகளில் இன்று மின் ஊர்திகள் ஓசையடங்கிச் செல்கின்றன. அந்த அமைதிக்குள்ளும் ஒலிகள் உண்டு. அவற்றைக் கேட்டுத் திருத்தும் அறிவியலை விளக்குகிறது இப்பாடம்.

திருமுடிவாக்கத்தில் சிட்கோ தொழிற்பேட்டை அமைந்துள்ளது. ஊர்திகளுக்கான உதிரிபாகங்களைச் செய்யும் சிறுதொழிற்கூடங்கள் பல அங்கு இயங்குகின்றன. கடைசல் எந்திரத்தில் உலோகம் வெட்டுப்படும் ஓசை சற்றே மாறினாலும், வெட்டுளி மழுங்கியதைத் தேர்ந்த தொழிலாளியின் செவி உணர்ந்துவிடும். மின்மகிழுந்தைச் செம்மைப்படுத்துவோரும் அத்தகைய செவியையே நம்புகின்றனர்.

அமைதி காட்டிக்கொடுக்கும் ஓசை

பெட்ரோல், டீசல் மகிழுந்துகளில் எந்திரத்தின் உறுமல் பிற மெல்லொலிகளை மூழ்கடித்துவிடும். இதனை ஒலிமறைப்பு என்பர். மின்மகிழுந்தில் அத்திரை விலகுவதால் டயரின் உராய்வும் காற்றின் இரைச்சலும் பற்சக்கரங்களின் ரீங்காரமும் தெளிவாகக் கேட்கின்றன.

ஒரு மின்மோட்டார் நிமிடத்திற்கு 6,000 சுற்றுகள், அதாவது நொடிக்கு 100 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். அதன் தண்டிலுள்ள சக்கரத்திற்கு 25 பற்கள் இருப்பின், நொடிக்கு 2,500 முறை பற்கள் பொருந்தும். அதனால் 2,500 ஹெர்ட்ஸ் ஒலி எழும். மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே. ஆதலால், பல்லின் வடிவில் நேரும் சில மைக்ரான் பிழையும் பயணியின் காதில் ஒலிக்கக்கூடும்.

ஓட்டாமலே ஓட்டுதல்

ஒரே டெசிபல் அளவுடைய இரண்டு ஒலிகளுள் ஒன்று இனிமையாகவும் மற்றொன்று எரிச்சலூட்டுவதாகவும் இருக்கலாம். எனவே, அளவுகருவி மட்டும் போதாது. இங்குதான் சிமுலேட்டர் எனப்படும் உருவகக் கருவி துணைநிற்கிறது.

இரு காதுகளிலும் ஒலிவாங்கி பொருத்திய செயற்கைத் தலையை மகிழுந்தின் இருக்கையில் வைத்து ஒலிகளைப் பதிவு செய்வர். மோட்டார், டயர், காற்று ஆகியவற்றின் பங்கினைக் கணினி தனித்தனியே பிரிக்கும். பின்னர், ஆய்வகத்தில் ஒருவர் அமர்ந்து முடுக்கியை அழுத்த, திரையில் சாலை விரையும். வேகத்திற்கேற்ற ஒலி காதில் எழும். ரீங்காரத்தை மட்டும் குறைத்தால் டயரின் இரைச்சல் மேலோங்குவதையும் அங்கேயே அறியலாம். பலர் கேட்டு மதிப்பிட்டபின் வடிவமைப்பு திருத்தப்படும். முன்மாதிரி ஊர்தியைச் செய்யும் முன்பே பிழை தெரிவதால் பொருளும் காலமும் மிச்சமாகின்றன.

தேவையற்ற ஒலியை நீக்குவதோடு பணி முடிவதில்லை. தக்க ஒலியைச் சேர்ப்பதும் வேண்டும். 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் மகிந்திரா நிறுவனம் அறிமுகப்படுத்திய மின்மகிழுந்துகளுக்கான ஒலிகளை இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் உருவாக்கினார்.

வழிப்போக்கருக்கான ஒலி

ஓசையற்ற ஊர்தி பார்வையற்றோருக்கு ஆபத்தாகும். ஆகவே, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம்வரை மின் ஊர்தி எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டுமென ஐ.நா.வின் 138ஆம் ஒழுங்குமுறை வகுத்தது. 10 கிலோமீட்டர் வேகத்தில் அவ்வொலி குறைந்தது 50 டெசிபல் இருத்தல் வேண்டும். வேகம் கூடும்போது சுருதியும் உயர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2019 சூலை முதல் புதிய வகை ஊர்திகளுக்கு இத்தகைய ஒலியைக் கட்டாயமாக்கியது. இந்திய அரசும் 2025இல் இதற்கான வரைவு அறிவிக்கையை வெளியிட்டது.

உள்ளே இருப்பவர் அமைதியை விரும்புகிறார். சாலையைக் கடப்பவருக்கோ ஒலியே வழித்துணை. இருவர் செவிக்கும் இசைவதே நல்ல ஊர்தி. அதன் தரம், சிறுதொழிற்கூடத்தில் பிழையின்றிச் செதுக்கப்படும் ஒரு பல்லிலிருந்தே தொடங்குகிறது.