பிரபு மனையும் வணிகரும்

'ஜார்ஜியன் இல்லம்' என்றவுடன் ஜார்ஜியா நாட்டை நினைத்தல் வேண்டா. 1714 முதல் 1830 வரை, ஜார்ஜ் என்னும் பெயருடைய அரசர் நால்வர் அடுத்தடுத்து ஆண்ட காலத்தில், பிரிட்டனிலும் அயர்லாந்திலும் எழுந்த இல்லங்களுக்கு அது பெயர். அவற்றுள் டப்ளின் மாநகரத்துத் தெற்கு வில்லியம் தெருவிலுள்ள பவர்ஸ்கோர்ட் மாளிகையை ஈண்டு ஆராய்வோம்.

இதனை 1771-இல் தொடங்கி 1774-இல் முடிப்பித்தவர் மூன்றாம் பவர்ஸ்கோர்ட் பிரபு. அமைத்தவர் ராபர்ட் மாக் என்பார். விக்லோ நாட்டுப்புறத்தே பெருமனை உடைய பிரபுவுக்கு நகரத்திலும் மாளிகை எதற்கு? அந்நாளில் டப்ளினில் அயர்லாந்தின் பார்லிமெண்டு கூடிற்று. அது கூடுங்காலத்துப் பிரபுக்கள் குடும்பத்தோடு நகரில் தங்கி விருந்தும் நடனமும் நடத்துவர். ஆகவே இம்மாளிகை வாழ்தற்கு மட்டுமன்றி, வந்தோர் கண்டு வியத்தற்கும் எடுக்கப்பட்டதாம். கருங்கல் முகப்பு, நுண்ணிய செதுக்கு வேலையமைந்த மஹாகனி மரப் படிக்கட்டு, மைக்கேல் ஸ்டேபிள்டன் முதலியோர் சுதையால் இயற்றிய விதான அழகு யாவும் அந்நோக்கம் பற்றியனவே.

1801-இல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்படவே, டப்ளின் பார்லிமெண்டு ஒழிந்தது. பிரபுக்கள் லண்டனை நாடினர். 1807-இல் அரசாங்கத்தார் இதனை வாங்கி ஸ்டாம்புக் கச்சேரியாக்கினர். பின்புறத்தே முற்றத்தைச் சூழப் புதுக் கட்டடங்களும் எழுந்தன. 1835-இல் துணி வணிகர் கைக்கு வந்து, நூறாண்டுக்கு மேலாக அவர்கள் கிடங்காயிருந்தது. 1981-இல் முற்றத்தின்மீது கண்ணாடிக் கூரை வேயப்பெற்றுக் கடைகளும் உணவுச்சாலைகளும் இங்கே திறக்கப்பட்டன.

பிரபுவின் கூடத்தில் பண்டம் விற்பது இழிவென்பார் உளர். யாம் அவரோடு உடன்படோம். அதே நகரத்தின் பிட்ஸ்வில்லியம் தெருவில் ஜார்ஜியன் இல்லங்கள் பதினாறு, பலருடைய எதிர்ப்பையும் மீறி, 1965-இல் இடிக்கப்பட்டன. அவற்றை உடைய மின்சார வாரியத்தார்க்கு வேண்டியது அலுவலகத்திற்குப் போதிய இடம். கணக்கெழுதுவோர்க்குச் சுதை விதானத்தால் யாது பயன்? கடைகாரருக்கோ அவ்விதானமும் படிக்கட்டுமே வாடிக்கைக்காரரை உள்ளே அழைக்கும் முதற்பொருள்; அவற்றை அழித்தால் நட்டம் அவருடையதே. பழைய இல்லத்தைக் காக்கப் புகுவோர், அங்கே குடியேறும் தொழிலுக்கு அதன் பழமை வேண்டுமா என்பதையே முதலில் வினவுதல் நன்று.

ஒன்றை மறைத்தல் ஆகாது. அறைதோறும் ஒரு கடை என்றானபின், அக்குடும்பத்தார் எவ்வறையில் உண்டனர், எவ்வறையில் ஆடினர் என்பதை நோக்குவார் எளிதில் உணரார். மேசையிட்டு மக்கள் உணவருந்தும் நடுமுற்றத்தைச் சூழ்ந்த கட்டடங்களோ பிரபு எடுத்தவை அல்ல. ஸ்டாம்புக் கச்சேரிக்காக எழுந்தவை.