விசைப்படகும் கப்ளிங் அலைன்மென்ட்டும்

வாலாஜாபாத்தில் பாலாறு உண்டு, படகு கிடையாது. இந்த ஊர்க்காரனுக்குப் படகு எஞ்சினைப் பற்றி என்ன கவலை என்று கேட்பீர்கள். ஒர்க்‌ஷாப்பில் மோட்டாரையும் பம்பையும் இணைக்கும்போது நாம் பார்க்கிற அதே அலைன்மென்ட்தான் காசிமேட்டு விசைப்படகிலும். ஒரே வித்தியாசம், நம் பம்ப் கான்கிரீட் மேல் நிற்கிறது. படகு எஞ்சினின் அடித்தளமோ வளையக்கூடியது!

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 2017-இல்தான் 45 நாள் 61 நாளாகியது. படகைக் கரையேற்றி அடிப்பாகம் சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, எஞ்சினைப் பிரிப்பது எல்லாம் அப்போதுதான். அதோடு அலைன்மென்ட்டையும் முடித்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. கரையில் படகின் பாரம் சில முட்டுக்கட்டைகள் மேல் நிற்கிறது. தண்ணீரில் இறங்கியதும் அடிப்பாகம் முழுவதையும் நீர் தாங்குவதால் அதன் வளைவு மாறிவிடும். எனவே கரையில் பார்ப்பது முதல் அளவு மட்டுமே. படகை இறக்கி, ஓரிரு நாள் மிதக்கவிட்டு, டீசலும் வழக்கமான பாரமும் ஏற்றியபின் எடுப்பதுதான் கடைசி அளவு.

முதலில் கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் ஷாப்ட்டின் முனை தன் எடையால் தொங்கும். தாங்கலின்றி நீட்டியிருக்கும் ஷாப்ட்டின் எடையில் பாதி, அதோடு கப்ளிங்கின் முழு எடை, இவ்வளவையும் ஸ்பிரிங் தராசு போட்டுத் தூக்கிப் பிடித்த பிறகே அளக்க வேண்டும். இரண்டு விளிம்பும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் மேல், கீழ், இடம், வலம் நான்கு இடத்திலும் பீலர் கேஜ் விடவும். 100 மி.மீ. விட்டத்துக்கு 0.1 மி.மீ. வரை வித்தியாசம் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. மேலே இடைவெளி அதிகமானால் எஞ்சினின் முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது, முன் கால்களுக்கு ஷிம் வைக்க வேண்டும். கீழே அதிகமானால் முன்பக்கத்தை இறக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை வருகிறது. கியர் பாக்ஸ் பக்கத்தை அசைக்காமல், ஷாப்ட்டை மட்டும் கால் சுற்று திருப்பி மறுபடி அளக்கவும். இடைவெளி அதே இடத்தில் நின்றால் கோளாறு எஞ்சின் நிலையில். ஷாப்ட்டோடு சேர்ந்து சுற்றினால் ஷாப்ட் வளைந்திருக்கிறது, அல்லது கப்ளிங் முகம் கோணல். அப்புறம் எத்தனை ஷிம் வைத்தும் பயனில்லை, லேத்தில் ஏற்றி டயல் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். என் அப்பா நெசவாளி. பாவு ஒரு பக்கம் தளர்ந்தால் துணியை இழுத்துச் சரிசெய்ய மாட்டார், தறியைத்தான் பார்ப்பார்.

கோணலாக ஓடும் ஷாப்ட் புஷ்ஷைத் தின்னும், கியர் பாக்ஸ் பேரிங்கை உடைக்கும், கிளாண்டு வழியே தண்ணீரை உள்ளே விடும். கரையில் இது வெறும் ரிப்பேர் செலவு. ராமேசுவரம் பக்கம் அப்படியில்லை. ஓட்டம் நின்ற படகு காற்றோடும் நீரோட்டத்தோடும் போய், 1974 ஒப்பந்தம் வகுத்த எல்லையைத் தாண்டிவிட்டால் ஆட்களே பிடிபடலாம்.

கிளாண்டு கசிகிறதே என்று சிலர் நட்டை இறுக்கிக்கொண்டே போவார்கள். ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழத்தான் வேண்டும், அந்தத் தண்ணீர்தான் பேக்கிங்குக்குக் குளிர்ச்சி. ஒரேயடியாக நின்றால் பேக்கிங் கருகி ஷாப்ட்டில் பள்ளம் விழும். புது ஷிம் வைத்த படகு முதல் நடை போய் வந்ததும் பவுண்டேஷன் போல்ட்டுகளை இறுக்கிவிட்டு, பீலர் கேஜை இன்னொரு தடவை கையில் எடுங்கள்.